சத்தம் போடாத டப்பா

மனிதர் இப்போது நம்பிக்கையைப் பற்றி வகுப்பு எடுக்கிறாராம். என்னோடு வேலை பார்க்கிற பெண் போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "அக்கா, இதப் பாரேன், என்னமா பேசறாரு!" கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏதோ ஒரு ரிசார்ட். கழுத்தில் அட்டை மாட்டிய கம்பெனிப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். மேடையில் முழங்கால் வரை பூட்ஸ், தலையில் தொப்பி, ஏசி அறைக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி. கையில் ஒரு பழைய பால்பவுடர் டப்பா. "உடைஞ்சுபோன நம்பிக்கைய ஒரு குதிரைகிட்டேர்ந்து எப்படித் திரும்ப வாங்கறது?" என்று கேட்டுவிட்டு, டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறார். எனக்குத் தயிர்சாதம் புரையேறிவிட்டது.

நான் செங்கல்பட்டு கோர்ட்டில் டைப்பிஸ்ட். இருபது வருஷமாகக் கூண்டில் ஏறுகிறவர்கள் சொல்வதை டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பயத்தில் வருகிற பொய், பாசத்தில் வருகிற பொய், வக்கீல் சொல்லிக்கொடுத்து மனப்பாடமாக வருகிற பொய் எல்லாம் என் விரல் வழியாகப் போயிருக்கின்றன. ஆனால் ஒரு குதிரையிடம் பொய் சொல்லிப் பிழைத்த மனிதரை நான் ஒருத்தரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர்தான் இந்த மேடையில் நிற்கிறவர். நாங்கள் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டோம்.

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், கடலைப் பார்த்த ஒரு சவுக்குத் தோப்பில் அவருடைய குதிரையேற்றப் பள்ளி இருந்தது. ஐந்து குதிரைகள். அவற்றைப் பார்த்துக்கொள்ளக் கோவளத்துக்காரர் ஒருவர், காதர் பாய். மாஸ்டர் குதிரைமேல் ஏறி நான் பார்த்ததே இல்லை. முதுகுவலியாம். "போலீஸ் குதிரையெல்லாம் நான் பழக்கினது மேடம்" என்பார். எந்த ஊர் போலீஸ் என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ஊர் வரும்.

அங்கே நான் எதற்குப் போனேன் என்றால், நாற்பத்திரண்டு வயதில் எனக்குப் பிடித்த கிறுக்கு. சின்ன வயதில் மாமல்லபுரம் கடற்கரையில் என் அண்ணனைக் குதிரைமேல் ஏற்றிவிட்டு எனக்கு மாங்காய்ப் பத்தை வாங்கிக் கொடுத்தார்கள். அந்த மாங்காய் இத்தனை வருஷமும் தொண்டையிலேயே நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து, மாமல்லபுரத்தில் மாறி, தோப்புக்குப் போய்ச் சேர்வேன். முதல் நாளே மாஸ்டர் சொன்னார்: "உங்க உக்கார்ற பொசிஷனே வேற மேடம். நீங்க பிறவி ரைடர்." இருபது வருஷம் பொய் கேட்டுப் பழகிய காது என்று பெயர்! அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்து வந்தேன். அடுத்த வாரம் அதே வாக்கியத்தை, இரண்டு கையாலும் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு "இறக்கிவிடுங்க சார்" என்று அலறிக்கொண்டிருந்த ஓர் இன்ஜினீயரிடம் சொன்னார்.

அவருடைய தொழில் ரகசியம் முழுக்க அந்த டப்பாவில்தான் இருந்தது. காலையில் குதிரைகளைத் தோப்பில் அவிழ்த்து விடுவார்கள். திரும்பப் பிடிக்க வேண்டுமென்றால் டப்பாவில் கொள்ளுப் போட்டுக் குலுக்குவது வழக்கம். சத்தம் கேட்டதும் குதிரை வரும், ஒரு கை கொள்ளு கொடுத்துவிட்டுக் கயிற்றை மாட்டலாம். மாஸ்டர் டப்பாவில் கொள்ளு இருக்காது. ரோடு போட்டபோது கொட்டிக் கிடந்த ஜல்லி இருக்கும்.

"ஒரு பிடி போட்டா இன்னா சார்? வாயில்லா ஜீவன்" என்று பாய் கேட்டதை நானே கேட்டேன்.

"எதுக்கு பாய்? சத்தத்துக்கே வருதில்ல?" என்றார் மாஸ்டர்.

அந்த ஒரு வார்த்தைதான் மனிதர். சத்தத்துக்கே வருகிறவர்களுக்குக் கொள்ளு எதற்கு? "அடுத்த வாரம் கடலோரமா உங்கள நாலுகால் பாய்ச்சல்ல கேலப் வுடறேன்" என்று எல்லோரிடமும் சொல்வார். அந்த அடுத்த வாரம் யாருக்கும் வந்ததில்லை. பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்று ஒரு வருஷம் கத்தினோம். ஒரு நாள் ஆர்ப்பாட்டமாகக் கூப்பிட்டுக் காட்டினார். தோப்பு ஓரத்துச் சுவரில் 'லேடீஸ்' என்று புத்தம்புதிய போர்டு. சுவருக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் வேலிக்காத்தான் முள்தான் இருந்தது.

ஐந்து குதிரைகளில் செவலை என்று ஒன்று. பெண் குதிரை. மாஸ்டர் அதற்கு என்னவோ இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தார், அது வாயில் நுழையாமல் பாய் செவலை என்பார், நாங்களும் அப்படியே. மாப்பிள்ளை அழைப்புக்கு அதைத்தான் அனுப்புவார்கள். கூடுவாஞ்சேரியில் ஒரு கல்யாணம். வெடிச் சத்தம் அதற்கு ஆகாது என்று பாய் படித்துப் படித்துச் சொன்னார். "வெடியே கெடையாது பாய், நான் பேசிட்டேன்" என்று பாயிடம் சொல்லிவிட்டு, கல்யாண வீட்டில் போய், "தாராளமா வெடிங்க, இது போலீஸ் குதிர, பீரங்கிக்கே அசையாது" என்றிருக்கிறார். காலுக்கடியில் சரவெடியைக் கொளுத்தினார்கள். மாப்பிள்ளை தலைப்பாகையோடு ஜூஸ் கடை வாசலில் போய் விழுந்தார். செவலை கண்மண் தெரியாமல் ஓடி, தடுப்புக் கம்பியில் தோளைக் கிழித்துக்கொண்டது.

திரும்பி வந்த பிறகு அது பழைய குதிரையாக இல்லை. ஆள் நிழலைக் கண்டாலே தோப்பின் கடைசிக்குப் போய்விடும். மாஸ்டர் இதற்குத் திமிர் என்று பெயர் வைத்தார். டப்பாவைக் குலுக்கினார். பாவம், அவ்வளவு பயத்திலும் பசியால் வந்தது. தலைக்கயிற்றைப் பிடித்து இழுத்து, பிரம்பால் நாலு போட்டார். மறுநாள் குலுக்கினார், வந்தது, மறுபடி நாலு. மூன்றாம் நாளும் அப்படியே. நாலாம் நாள் டப்பா சத்தம் கேட்டதும் எதிர்ப்பக்கம் ஓடியது. தோளில் புண் ஆறாத குதிரை மூன்றே நாளில் புரிந்துகொண்ட விஷயம், எங்களில் பலருக்கு மூன்று வருஷமாகியும் புரியவில்லை.

"ஆவணி மாசம் முகூர்த்தம் ஆரம்பிக்குது. அதுக்குள்ள இது மேல ஆள் ஏறணும். இல்லன்னா லாரிதான்" என்று எல்லோர் முன்னாலும் அறிவித்தார்.

லாரி என்றால் என்ன என்று பாயைக் கேட்டேன். "வண்டி ஏறிச்சுன்னா அவ்ளோதாம்மா. காலு கெட்ட குதிர, கோவக்காரக் குதிர எல்லாம் வாங்கினு போறவன் ஒருத்தன் கீறான். எங்க போவுதுன்னு நான் கேட்டதில்ல" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "நான் ஏறிக் காட்டறேன்" என்று சொல்லிவிட்டேன். குதிரைமேல் பாசம் பாதி, அந்தத் தொப்பியைப் பார்த்து வந்த எரிச்சல் பாதி. மாஸ்டர் சிரித்தார். "தாராளமா மேடம்! நீங்கதான் பிறவி ரைடராச்சே."

மே மாதம் கோர்ட்டுக்கு விடுமுறை. தினமும் போனேன். பாய்தான் வழி சொன்னார். கொள்ளை முதல் நாளே ஊறப் போட வேண்டும், காய்ந்த கொள்ளு வயிற்றுக்கு ஆகாது. வீட்டில் நான் ஊறப் போடுவதைப் பார்த்து என் வீட்டுக்காரர், "நாளைக்குச் சுண்டல் எனக்கா, உன் குதிரைக்கா?" என்பார். ஊறிய கொள்ளை டப்பாவில் போட்டால் குலுக்கினாலும் சத்தம் வராது, பொத் என்று கிடக்கும். அதுதான் எங்களுக்குச் சௌகரியமாக இருந்தது. செவலைக்கு அப்போது எந்தச் சத்தமும் ஆகவில்லை.

"அதப் பாக்காதீங்கோம்மா" என்றார் பாய். "நீங்க பாத்தா, புடிக்க வர்றீங்கன்னு நெனைச்சிக்கும். முதுவக் காட்டிகினு குந்துங்கோ. தின்னுச்சுன்னா தின்னட்டும். தின்னதும் எழுந்து வந்துடுங்கோ. கைய வைக்காதீங்கோ."

வாளியைக் கவிழ்த்துப் போட்டு, குதிரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். மடியில் திறந்த டப்பா. வெயிலில் தலை வெடித்தது. முதல் நான்கு நாள் ஒன்றும் நடக்கவில்லை. பொழுது போகாமல் கோர்ட் கேஸெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். வரப்புத் தகராறு, ஜீவனாம்சம், செக் மோசடி. ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, ஒரு பாகப்பிரிவினை நடுவில் இருந்தபோது, பிடரியில் சூடாக மூச்சு பட்டது. டப்பாவை இறுகப் பிடித்துக்கொண்டேன். பயம் அதற்கு மட்டும் என்றா நினைத்தீர்கள்? தோள் வழியாக ஒரு பெரிய தலை இறங்கி டப்பாவுக்குள் போனது. தின்றது. நான் எழுந்து நடந்துவிட்டேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பாய் சொல்லியிருந்தார், பார்க்கவில்லை. தோப்பு வாசலுக்கு வந்து ஓவென்று அழுதேன்.

அதற்குப் பிறகும் காரியம் நேராகப் போகவில்லை. பக்கத்து ரிசார்ட்டில் ஒரு நாள் பேண்டு வாத்தியம் முழங்கியது. செவலை வெறி பிடித்த மாதிரி ஓடியது, மறுபடி ஒரு வாரம் கிட்டே வரவில்லை. மறுபடி வாளி, மறுபடி முதுகு. பிறகு கழுத்தில் கை வைத்தேன், எடுத்தேன். கயிற்றை மாட்டினேன், உடனே கழற்றினேன். மாட்டினால் கழற்றுவார்கள் என்று அது தெரிந்துகொள்ளவே பத்து நாள் ஆனது. கோர்ட் திறந்த பிறகு ஞாயிறும் லீவு நாளும் நான், மற்ற நாளில் பாய். ஆடி பிறந்து இரண்டாவது ஞாயிறு, கரையில் கிடந்த ஓட்டைப் படகின்மேல் ஏறி நின்று, சேணத்தில் காலைப் போட்டு உட்கார்ந்தேன். செவலை காதைப் பின்னால் திருப்பி என்னைக் கேட்டது. "நான்தான்டி" என்றேன். பத்து அடி நடந்தது. அப்புறம் கடல் வரைக்கும் நடந்தது. என் அண்ணன் அன்றைக்கு மாமல்லபுரத்தில் சுற்றியதைவிட அதிக தூரம்!

இத்தனை நாளும் மாஸ்டர் என்ன செய்தார் தெரியுமா? சவுக்கு மரத்துக்குப் பின்னால் நின்று செல்போனில் படம் பிடித்தார். "நம்ம சென்டர்ல ட்ரஸ்ட் பில்டிங்" என்று பின்னணி இசையோடு போட்டார். அதில் என் முதுகு தெரியும், குதிரை தெரியும், பேச்சு மட்டும் அவருடையது. சீ என்று வந்தது எனக்கு.

இனி சொல்லப்போவதை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. அடுத்த ஞாயிறு அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஏகப்பட்ட பேர் தோப்புக்கு வந்திருந்தார்கள். மாஸ்டர் அவர்களிடம் அளந்துகொண்டிருந்தார். செவலை எப்படித் தன் குரலுக்குக் கட்டுப்படும், எப்படி ராத்திரியெல்லாம் அதன் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தார் என்று. எனக்குப் பொறுக்கவில்லை. "மாஸ்டர், கூப்பிடுங்களேன், பாக்கலாம்" என்றேன்.

அவர் என்னை முறைத்தார். ஆனால் இருபது செல்போன் தூக்கியாகிவிட்டது. டப்பாவை எடுத்துக் குலுக்கினார். கலகலவென்று ஜல்லி. செவலை தலையைத் தூக்கிப் பார்த்தது. நிதானமாகத் திரும்பி, அவருக்கு நேராகப் பின்பக்கத்தைக் காட்டி, வாலைத் தூக்கி லத்தி போட்டது. தோப்பே சிரித்தது. நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். சிரித்ததோடு விட்டேனா? "என்ன மாஸ்டர், சத்தத்துக்கு வரலையே!" என்றேன். அப்புறம் என் சத்தமில்லாத டப்பாவை எடுத்துக்கொண்டு போய் நின்றேன், அது ஓடி வந்து என் தோளில் மூக்கை வைத்தது. எனக்கு அன்றைக்கு இருந்த கர்வம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது.

பாய் மட்டும் சிரிக்கவில்லை. செவலையைப் பிடித்துக்கொண்டு போகும்போது என் பக்கத்தில் வந்து, "சிரிச்சிருக்க வேணாம்மா" என்றார். எனக்குப் பாய்மேல் கோபம்கூட வந்தது.

ஒரு வாரம் கழித்து மாஸ்டரே எனக்குப் போன் செய்தார். குரலில் தேன் ஒழுகியது. "மேடம், நீங்க ஜெயிச்சுட்டீங்க. ஒத்துக்கறேன். அந்தக் குதிர இனிமே உங்களுதுதான், உங்க பேருக்கே எழுதித் தரேன். தோள்ல அந்தப் புண்ணு மட்டும் இன்னும் கசியுது. செங்கல்பட்டுல நல்ல டாக்டர் இருக்கார், காட்டிடுவோம். வண்டி சொல்லிட்டேன். ஆனா உங்களத் தவிர யாரு கூப்ட்டாலும் அது ஏறாதே மேடம்?"

உங்களுதுதான் என்றாரே, அதற்கு மேல் என் காதில் ஒன்றும் விழவில்லை. கூண்டில் நின்று ஒருத்தன் இதைச் சொல்லியிருந்தால் டைப் அடிக்கும்போதே சிரித்திருப்பேன். மறுநாள் லீவு போட்டுவிட்டு, ஊறிய கொள்ளை டப்பா நிறைய எடுத்துக்கொண்டு ஓடினேன். பாய் இல்லை. மாஸ்டர் அவரைப் புல் வாங்கி வரச் சொல்லிக் காலையிலேயே கோவளத்துக்கு அனுப்பிவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

லாரியின் பின்பலகையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். செவலை அதைப் பார்த்து நடுங்கியது, நின்றது, இரண்டு அடி பின்னால் போனது. நான் பலகைமேல் ஏறி, அதற்கு முதுகைக் காட்டி நின்றேன், டப்பாவை இடுப்போடு பிடித்துக்கொண்டு. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பலகையில் குளம்புச் சத்தம் கேட்டது. பிடரியில் மூச்சு. நான் உள்ளே நடந்தேன், அதுவும் நடந்தது. ஒரு அடி கொடுக்காமல், ஒரு கயிறு இழுக்காமல் ஏறியது. "நான்தான்டி, டாக்டர் வீட்டுக்குத்தான்" என்றேன். நிதானமாகச் சாப்பிடட்டும் என்று டப்பாவை அதன் முன்னால் வைத்துவிட்டு இறங்கினேன். நான் பின்னாலேயே அவர் காரில் வருவதாகப் பேச்சு.

தோப்பை விட்டு மெயின் ரோட்டில் ஏறி இடது பக்கம் திரும்பினால் மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு. லாரி வலது பக்கம் திரும்பியது.

"மாஸ்டர், வண்டி அந்தப் பக்கம் போவுது!" என்று கத்தினேன். அவர் காரைக் கிளப்பவில்லை, சாவியைக்கூட எடுக்கவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டார். நான் ரோடு வரைக்கும் ஓடினேன், செருப்பு ஒன்று மணலில் போனது. கோவளம் பக்கம் லாரி சின்னதாகிக்கொண்டே போனது. திரும்பி வந்து வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். நான் டைப் அடிக்கக் கூசுகிற வார்த்தைகள் எல்லாம் வந்தன. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எதுக்கு மேடம் டென்ஷன்? டப்பா நெறய கொள்ளு இருந்துச்சா இல்லையா? குதிரய யாரும் ஏமாத்தலயே" என்றார்.

மனு கொடுக்க எனக்கா தெரியாது? கொடுத்தேன். குதிரை அவருடையது, விற்றார், அவ்வளவுதான் என்றார்கள். வாங்கிக்கொண்டு போனவனைப் பாய் தேடாத இடமில்லை. ஆள் அகப்படவில்லை, செவலையும் அகப்படவில்லை. நான் அந்தத் தோப்புப் பக்கம் அதற்குப் பிறகு போகவில்லை. இப்போது அது ஒரு ரிசார்ட்டின் கார் நிறுத்துமிடம்.

செல்போனில் அந்த வகுப்பை நேற்று முழுசாகப் பார்த்தேன். சத்தமில்லாத டப்பா, காட்டிய முதுகு, மாட்டிக் கழற்றிய கயிறு, எல்லாம் அவர் கண்டுபிடித்ததாம். "இன்னிக்கும் அந்தக் குதிர என் குரல் கேட்டா ஓடி வரும்" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். கடைசியில், கூட்டம் எழுந்து நின்று கை தட்டும்போது, சந்தோஷம் தாங்காமல் டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிக் குலுக்குகிறார். கைதட்டலையும் மீறிக் கேட்டது. ஜல்லிதான்.

தூ என்று துப்பத்தான் வந்தது. முழுசாகத் துப்ப முடியவில்லை. அன்றைக்குப் பாய் புல்லுக்கட்டோடு திரும்பி வந்தபோது நான் தோப்பு வாசலில் ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்திருந்தேன். நடந்ததைச் சொன்னேன். பாய் புல்லுக்கட்டை இறக்கவில்லை. அதோடு கொட்டகையில் செவலையைக் கட்டுகிற இடம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அப்புறம், "உங்க மேல இன்னாம்மா தப்பு கீது? நீங்க வூட்டுக்குப் போங்கோ" என்றார்.

அத்தனை மாதத்தில் பாய் என்னிடம் சொன்ன பொய் அது ஒன்றுதான்.